கிட்ட வாங்கோ

கைபேசியை நீட்டி, "ஒரு போட்டோ, ப்ளீஸ்" என்று ஆங்கிலத்தில் கேட்டவர், மனைவிக்குப் பக்கத்தில் போய் நிற்கவில்லை. ஓர் ஆள் நிற்கும் தூரம் விட்டுத் தள்ளியே நின்றார்.

தவமலருக்குச் சுருக்கென்றது.

"இதென்ன அண்ணை, சண்டையோ? கிட்ட வாங்கோ."

"அட, நீங்க தமிழா!" அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. "நான் ரமா. இவர் சுந்தரராஜன். திருச்சியிலிருந்து வந்திருக்கோம்."

"நான் தவமலர், யாழ்ப்பாணம். இப்ப இங்க லண்டனில, ஈஸ்ட் ஹாம்."

ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஷிப்ட் முடிந்து அவள் ரயிலுக்குப் போகிற வழி. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக் காற்று ரமாவின் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் கிளம்பறோம். பிக் பென் ஒண்ணுதான் பாக்கி. இந்தப் படம் மட்டும் நல்லா வந்துடணும்."

"பிள்ளையள் இங்கயோ?"

"பையன் அபிஷேக். பாங்குல பெரிய வேலை. லண்டன் பூரா அவன்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டினான். பாவம், இன்னைக்கு மட்டும் மீட்டிங்."

சொல்லிவிட்டு ரமா கணவரைப் பார்த்தாள். அவர் ஆற்றைப் பார்த்தார்.

"அப்ப வடிவா நில்லுங்கோ. இன்னும் கிட்ட, அண்ணை."

அவர் ஓர் அங்குலம் நகர்ந்தார். "போதும்மா. இப்படியே எடுங்க."

"என்ன கூச்சம்? இந்த ஊரில ஒருத்தரும் பாக்க மாட்டினம். அக்கா கடிக்கவும் மாட்டா!"

ரமா வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் அவளும் நகரவில்லை.

தவமலருக்குக் கோபமே வந்துவிட்டது. அவள் புருசன் ஜீவரத்தினமும் இப்படித்தான். கல்யாணப் படம் தொடங்கி, முப்பது வருசமாய் எல்லாப் படத்திலும் ஒரு முழம் தள்ளியே நின்றார். போன மாசியில் ஒரேயடியாய்த் தள்ளிப் போய்விட்டார்.

"அண்ணை, பிறகு எடுத்துப் பாக்கேக்க நெஞ்சு வலிக்கும். தோளில கை போடச் சொல்லேல்ல. பக்கத்தில நிக்கத்தானே சொல்லுறன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எடுங்கம்மா."

சரி, சொல்லிப் பயனில்லாத மனிதர். எடுத்தாள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப்போனபோது விரல் வழுக்கிப் பழைய படங்கள் ஒவ்வொன்றாய் வந்தன.

டவர் பிரிட்ஜ். அரண்மனை வாசல். ட்ரஃபால்கர் சதுக்கத்துச் சிங்கம். எல்லா இடத்திலும் இவர்கள் இருவர். எல்லாவற்றிலும் நடுவே அதே இடைவெளி.

"இதெல்லாம் மகன் எடுத்ததோ?"

ரமாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"இல்ல தவமலர். ரோட்டுல போறவங்க எடுத்தது. ரெண்டு வாரமும் அவனுக்கு லீவே கிடைக்கல. நாங்களேதான் சுத்தினோம்."

சுந்தரராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உறையூர்ல தெரிஞ்ச ஸ்டூடியோக்காரர் ஒருத்தர் இருக்கார். போன் பண்ணிக் கேட்டேன். நடுவுல இடம் விட்டு எடுத்துட்டு வாங்க சார், தம்பியைக் கம்ப்யூட்டர்ல நிக்க வெச்சுடறேன்னார். போனதும் சொந்தக்காரங்க படத்தைத்தானே கேப்பாங்க? பெத்தவங்க வந்தும் அவங்களோட சுத்தலைன்னு எங்க பையனை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதும்மா."

தவமலர் கைபேசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கேமராவை மறுபடியும் திறந்தாள்.

பிறகு இரண்டு அடி பின்னால் போனாள்.

"மகன் நல்ல உயரமோ, அண்ணை? தலை வெட்டுப்படாமல் எடுக்க வேணும்."