சோம்பேறியின் சைக்கிள்

"இது ஒரு சோம்பேறியோட சைக்கிள் தம்பி. மோட்டார் வெச்சாலாவது ஓடுதான்னு பார்ப்போம்."

அந்தம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து மெக்கானிக் கடை வாசலில் நிறுத்தினார். சைக்கிள் அவருடைய கணவருடையது. அவர் இறந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

பக்கத்துக் கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். வம்பு என்றால் மனிதருக்குக் காது கொஞ்சம் நீளம்.

"உங்க சைக்கிளுக்கே வெக்கலாமேம்மா?" என்றார் மெக்கானிக்.

"அது பிரேம் பழசு, தாங்காதுன்னு அன்னிக்கு நீதானே சொன்னே. இதுக்கே வை. சீட்டை மட்டும் இறக்கிடு."

மெக்கானிக் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டினார். பெடலையும், அதைத் தாங்கும் கிராங்கையும், செயின் மாட்டும் பல் சக்கரமான செயின் வீலையும் கழற்றினார். நடு அச்சை உருவி எடுத்துவிட்டால் அந்த ஓட்டையில்தான் மோட்டார் உட்காரும். நாம் மிதிக்கிற அதே செயினை அதுவும் சேர்ந்து இழுக்கும். மேடு வந்தால் முக்கால் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

அந்தம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். வாய் மட்டும் உட்காரவில்லை.

"பன்னிரண்டு வருஷம் தம்பி. தினமும் காலையில ரெண்டு பேரும் கிளம்புவோம். நான் முன்னாடி போவேன். அவர் கேட்டைப் பூட்டிட்டுப் பின்னாடி வருவார், ஆடி அசைஞ்சு. ஒரு நாளாவது என்னை முந்தியிருப்பாரா? கிடையாது. ஆத்துப் பாலம் வந்ததும் காலை ஊனிடுவார். 'மூச்சு வாங்குதுடி, திரும்பிடலாம்'பார். பாலத்தைத் தாண்டினா மேடு. மேட்டு உச்சியில நின்னா கடல் தெரியுமாம். நான் பார்த்ததெல்லாம் பாலத்துக் கைப்பிடிதான்."

"இப்ப அதைப் போய்ப் பார்க்கணுமா?"

"பார்க்கணும். பின்ன எதுக்கு மோட்டார்?"

புடவைத் தலைப்பால் சைக்கிள் சீட்டைத் துடைத்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"இப்பல்லாம் கிளம்பிப் பாதித் தெரு போயிடறேன். அப்புறம்தான் ஞாபகம் வருது, கேட்டைப் பூட்ட ஆளில்லைன்னு. திரும்பி வந்து பூட்டறேன். அதோட சரி. மறுபடி ஏறிப் போக மனசு வர்றதில்லை."

எழுந்து, முகம் கழுவக் குழாயடிக்குப் போனார்.

தையல்காரர் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கேட்டியா? செத்தவரைப் போய் இப்படியா பேசறது? வாயில்லாப் பூச்சி அந்த மனுஷன். உயிரோட இருக்கும்போதும் தெருவுல வெச்சு சோம்பேறி சோம்பேறின்னு இதே பேச்சுதான். நெஞ்சா, கல்லா?"

கழற்றிய செயின் வீல் மெக்கானிக் கையில் இருந்தது. அதை மாட்டியவரே அவர்தான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த மனிதர் தனியாக வந்திருந்தார். "இருக்கிற பெரிய செயின் வீலைக் கழட்டிட்டு, உன்கிட்ட இருக்கறதுலயே சின்னதாப் போடு" என்றார்.

"சார், அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நகராது."

"நகரக் கூடாது. அவளுக்கு இதயத்துல கோளாறு. ரிப்போர்ட் வாங்க நான்தான் போனேன். சமதரையில மெதுவா ஓட்டலாம், மேடு ஏறக் கூடாதுன்னுட்டார் டாக்டர். சொன்னா பயந்து படுத்துடுவா. நான் முன்னாடி போனா, ரோஷக்காரி, துரத்திக்கிட்டு வருவா. பின்னாடி போனா அவ மேல ஒரு கண்ணும் வெச்சுக்கலாம். அவளுக்குத் தெரிய வேண்டாம்பா."

சரி என்று தலையாட்டியிருந்தார் மெக்கானிக். இப்போது உண்மையைச் சொன்னால் கொடுத்த வாக்கு போய்விடும். சொல்லாவிட்டால் நல்ல மனிதர் ஒருவர் தலையில் சோம்பேறிப் பட்டம் அப்படியே நிற்கும். இரண்டும் நியாயமாகப் படவில்லை. செயின் வீலைப் பழைய இரும்பு டப்பாவில் போட்டு மூடினார்.

மோட்டாரைப் பொருத்தி, நட்டை இறுக்கி, பேட்டரியை மாட்டி முடித்தபோது அந்தம்மா திரும்பி வந்துவிட்டார்.

"மேட்டுல நீங்க தம் பிடிச்சு மிதிக்கக் கூடாதும்மா. சும்மா காலைச் சுத்தினாப் போதும், மோட்டாரே ஏத்திடும்." ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னார்.

"சரிப்பா. அந்தப் பழைய செயின் வீலைக் குடு."

"அது எதுக்கும்மா? துருப்பிடிச்ச இரும்பு."

"இருபத்தெட்டுப் பல்லு. நாப்பத்துநாலு இருக்க வேண்டிய இடத்துல. குடு."

மெக்கானிக்கின் கை டப்பா மேலேயே நின்றது.

"அவர் மாத்திட்டு வந்த மறுநாளே எண்ணிட்டேன். ரிப்போர்ட்டைச் சட்டைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தார். அந்த வீட்ல சட்டை மடிக்கறது யாரு? நான்தானே."

"அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். தினமும் கால் வலியோட தூங்குவார். கேட்டா, வயசாச்சுன்னுடுவார்."

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மிஷின் ஓடவில்லை.

"அப்புறம் ஏம்மா அவரைச் சோம்பேறி சோம்பேறின்னு..." என்று இழுத்தார் மெக்கானிக்.

அந்தம்மா செயின் வீலை வாங்கித் துடைத்துப் பைக்குள் வைத்தார். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். வழக்கம்போல ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அப்படித் திட்டும்போதுதான் தம்பி, இவளை நல்லா ஏமாத்திட்டோம்னு அவர் முகத்துல ஒரு சிரிப்பு வரும். அதைப் பார்க்கத்தான் பன்னிரண்டு வருஷமும் திட்டினேன். இப்பவும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். சிரிக்கத்தான் ஆளில்லை."