எந்தத் தலைப்பின் கீழ்

"சந்தேகமே இல்லைங்க, இது பாடிதான். அறுபத்திரண்டாம் அத்தியாயம்!"

சுங்க வரிப் புத்தகத்தைக் கடை மேசைமேல் விரித்துவைத்து, வரி அதிகாரி பாலசுப்பிரமணியம் அதில் ஒரு வரியை விரலால் தட்டினான்.

அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

தேயிலைக்கு வரி வாங்கத்தான் அவனைக் குன்னூருக்கு மாற்றியிருந்தார்கள். வந்த நேரம், பச்சைத் தேயிலை விலை சரிந்து பாக்டரிகள் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டிருந்தன. பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு வருவதே உத்தியோகமாகிப் போயிருந்தது. இப்போதுதான் மூளைக்கு வேலை வைக்கிற மாதிரி ஒரு பெட்டி வந்திருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி. அரவேணுவில் ஜாக்கெட் துணி விற்கும் சுசீலாவின் பெயருக்கு வந்திருந்தது. அவனே ஜீப்பில் ஏற்றி அவள் கடைக்குக் கொண்டுவந்திருந்தான்.

பார்வைக்கு ஒன்றை மட்டும் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். தோல் நிறத்தில் ஒரு பாடி. அதன் ஒரு பக்கத்தில் உள்பை. அந்தப் பைக்குள் அச்சாகப் பொருந்தும் சிலிகான் மார்பு ஒன்று.

உள்ளாடை என்றால் வரி அதிகம். சுசீலாவால் கட்ட முடியாது. பெட்டி வந்த வழியே திரும்பிப் போகும். செயற்கை உறுப்பு என்றால் தொண்ணூறாம் அத்தியாயம். கண்ணாடிக் கண்ணோடும் கட்டைக் காலோடும் சேர்ந்து போகும். வரி சொற்பம்.

சுசீலாவும் விடுவதாக இல்லை. அவள் கண்கள் பளபளத்தன.

"பாடி இல்லைங்க சார். கேன்சர்ல மாரை எடுத்தவங்களுக்குங்க. கை போனவங்களுக்குக் கை வெக்கறாப்பல."

அவன் இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தான்.

"கை இல்லாட்டி வேலை செய்ய முடியாது. இது இல்லாட்டி எந்த வேலைங்க நிக்குது? வெறும் பார்வைக்குத்தானே? அப்ப துணிதான்!"

ஜெயித்துவிட்ட சிரிப்போடு பேனாவைத் திறந்தான்.

சுசீலா, அளவு பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் போனாள்.

திரும்பி வந்தபோது ஒரு கை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. மற்றக் கையிலிருந்ததை விரித்த புத்தகத்தின் மேல் வைத்தாள்.

"இதுக்கு உங்க புஸ்தகத்துல எந்தத் தலைப்புங்க?"

பழைய பாவாடைத் துணியில் உருண்டையாகத் தைத்த ஒரு பை. ஓரமெல்லாம் பழுப்புக் கறை.

அடுத்த புதிர் கிடைத்த குஷியில் அவன் அதை எடுத்து அழுத்திப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான்.

"டீத்தூளுங்க இது! ஒன்பதாம் அத்தியாயம்!"

"ஆமாங்க. விலை போகாத தூளு. மழையில நனைஞ்சா சாயம் எறங்கி ஜாக்கெட்டெல்லாம் செவந்து போயிருமுங்க. பஸ்ஸுல ஒரு தடவ எல்லாரும் பார்த்துட்டாங்க. அப்புறம் மழைக்காலம் முச்சூடும் ஊட்டை உட்டு வெளிய வர முடியறதில்லீங்க. அந்த வேலை நிக்குதுங்க சார்."

வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. கோத்தகிரி பஸ் ஹாரன் அடித்துப் போனது.

அவன் ஒன்பதாம் அத்தியாயத்தைத் தேடிப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டவில்லை. நேரே கடைசிப் பகுதியைத் திறந்தான். செயற்கை உடல் உறுப்புகள் என்றிருந்த வரியை இரண்டு முறை படித்தான். பேனா ஓடியது. 'தொண்ணூறு' என்று எழுத்திலும் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினான்.

"ஆச்சுங்களா சார்? நெசமாலுமே ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க."

அப்போதுதான் அந்தப் பை தன் இடது கையிலேயே இருப்பதை அவன் கவனித்தான்.

அது இன்னும் சூடாக இருந்தது.

அவன் எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் அதை அவளிடம் நீட்டினான்.

"அது இனி எதுக்குங்க!"

சிரித்துக்கொண்டே, மேசைமேல் இருந்த புதியதை எடுத்துக்கொண்டு சுசீலா திரைக்குப் பின்னால் ஓடினாள்.