ஆள் இருந்தால் கதவைத் திற

மனிதகுலம் சக்கரத்துக்கு அடுத்தபடியாகக் கண்ட மாபெரும் பாய்ச்சல், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முத்துநகை அடுக்ககத்தில் நிகழ்ந்தது. இனி நாற்பது வீடுகளுக்கும் சாவி கிடையாது; கதவுகளைக் கம்ப்யூட்டரே திறக்கும். சங்கச் செயலாளர் தணிகாசலம் எழுதிய கட்டளை ஒன்றே போதும்: வீட்டுக்குள் ஆள் இருந்தால், குடும்பத்தாருக்குக் கதவைத் திற.

“ஆளில்லாத வீட்டுக்குள்ள எந்தத் திருடனும் நுழைய முடியாது!” என்று முழங்கினார். தொடக்க விழாவுக்கு ஒருவர் பாக்கியில்லாமல் கீழே வரவேண்டும் என்பதும் அவர் உத்தரவுதான். எல்லோரும் வந்தார்கள், கைதட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள், மாடியேறினார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை.

அவர் மனைவி அமிர்தவல்லி தங்கள் வீட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்தார். பத்து மணி ரயிலைப் பிடித்து, மாலை ஐந்துக்குள் சேலத்தில் வேலையில் சேரவேண்டும். எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. சேர இன்றே கடைசி நாள். இந்தக் காலத்திலும் காகிதத்தில்தான் கேட்கிறார்கள் என்று தேடியெடுத்த அசல் சான்றிதழ்கள் உள்ளே இருந்தன.

“ஏங்க, ஆள் இல்லைன்னா என்ன செய்யணும்னு எழுதலையா?”

“அது ரெண்டாம் கட்டம், அமிர்தம். முதல் கட்டத்துல தப்பே இல்ல. பாரு, எவ்வளவு கச்சிதமா பூட்டியிருக்கு!”

“உங்க கச்சிதத்தைக் கொண்டுபோய் உடைப்புல போடுங்க. மொதல்ல அதை மாத்துங்க!”

தணிகாசலம் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

“மாத்திடலாம். கம்ப்யூட்டர் நம்ம வீட்டுக்குள்ளதான இருக்கு.”

பத்து மணி ரயில் பத்து மணிக்குப் புறப்பட்டது.