நாற்பத்தொன்றாம் நம்பர்

"என்னண்ணே இது! செக்கு மாடு மாதிரி இடது பக்கமாவே சுத்திக்கிட்டிருக்காங்க. இதுக்கா சனம் இப்படி அடிச்சுக்கிட்டு வருது?"

பக்கத்து இருக்கைப் பெண் கேட்ட கேள்வியில் ஓடெல்லுக்குச் சுருக்கென்றது. டென்னசியில் நடக்கிற கார் ரேஸ் ஒன்று விடாமல் பார்க்கிற மனுஷன். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"என் பேரு ரோவினா. இதுதான் முதல் தடவை. இதுதான் கடைசியும். ஆறு மணிக்கு எனக்கு பஸ். அக்கா வீட்டுக்குப் போறேன், ஒரேயடியா."

ஓடெல்லின் மனைவி மேவிஸ், அவித்த கடலையை வாயில் போடாமல் நிறுத்தினாள். "ஒரேயடியான்னா?"

"புருஷன்கிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுக் கிளம்பணும். அவரும் இங்கதான் இருக்கார். ரேஸ் முடியற வரைக்கும் நின்ன இடத்தை விட்டு அசைய மாட்டார். அதான் காத்துக்கிட்டிருக்கேன்."

"எனக்கும் அப்படி ஒண்ணு வாய்ச்சிருக்கே!" மேவிஸ் கணவனை முறைத்தாள். "குடியா? அடிக்கிறாரா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லக்கா. பேச மாட்டார். சாப்பாடு நல்லாருக்கான்னா 'ம்'. நல்லால்லையான்னா அதுக்கும் 'ம்'. செவுத்தோட குடும்பம் நடத்திப் பாத்திருக்கீங்களா? பதினெட்டு வருஷம் நடத்திட்டேன். போதும்டா சாமி! அந்த ஆண்டவனே இறங்கி வந்தாலும் என் முடிவு மாறாது."

அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் ஓடெல் புகுந்துகொண்டார். "அம்மா, இது வெறும் வெள்ளோட்டம். பச்சைக்கொடி அசையட்டும், அப்புறம் பாரு. காது கிழிஞ்சுடும். இந்தா, இதை மாட்டிக்க."

தன்னிடம் கூடுதலாக இருந்த ஹெட்போனை நீட்டினார். "ஓட்டுறவனுக்குப் பக்கத்துல, பின்னால யார் வர்றாங்கன்னு சரியாத் தெரியாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஆள் அதோ அந்தக் கூரை மேல நின்னுக்கிட்டு, யார் இடிக்க வர்றான், எங்க சந்து கிடைக்குதுன்னு ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருப்பான். ரெண்டு பேர் பேசறதையும் நாம இதுல கேக்கலாம். எந்த வண்டி வைக்கட்டும்?"

ரோவினா கொஞ்சம் யோசித்தாள். "நாப்பத்தொண்ணு."

"போயும் போயும் அதுவா! சின்னப் பய ஓட்டறான். போன வாரம் செவுத்துல முட்டினான். அதுக்கு முந்தின வாரம் சும்மா நின்ன வண்டியில முட்டினான்."

"பரவால்லண்ணே, அதையே வைங்க."

கொடி அசைந்தது. அத்தனை வண்டிகளும் ஒன்றாக உறும, உட்கார்ந்திருந்த பலகையே அதிர்ந்தது. ரோவினா மாட்டிய ஹெட்போனோடு சேர்த்து இரண்டு காதையும் பொத்தியபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். சிறிது நேரத்தில் அவள் வாய் மெல்லத் திறந்தது. மேவிஸ் நீட்டிய கடலையை அவள் பார்க்கவே இல்லை. அதற்கப்புறம் எழுந்து நின்றுவிட்டாள்.

"உள்பக்கமா வா! உள்பக்கமா வா! அப்படித்தான்!" என்று கத்தினாள்.

ஒரு விபத்துக்காக மஞ்சள்கொடி காட்டி வண்டிகளை மெதுவாக்கியபோது, முன்வரிசைத் தடியன் திரும்பினான். "ஏம்மா, உன் வண்டி முன்னாடி போகுதா, பின்னாடி போகுதா?"

"வாயை மூடுய்யா! அவங்க பேசறது கேக்கல!"

மறுபடி ஓட்டம் சூடுபிடித்தது. மூன்றாவது வளைவில் ஆறேழு வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டன. ஒரே புகை. நாற்பத்தொன்று அதற்குள் பாய்ந்ததைப் பார்த்த ஓடெல், பதற்றத்தில் தன் ஹெட்போனையும் அதற்கே திருப்பினார். கரகரத்த குரல் ஒன்று, கொஞ்சமும் பதறாமல் பேசிக்கொண்டிருந்தது.

"நான் இருக்கேன்டா கண்ணு. புகையைப் பாக்காதே. என் குரலை மட்டும் கேளு. இடது... இன்னும் இடது... பயப்படாதே, உன்னை விட்டுட்டு எங்க போகப்போறேன்? மெல்ல... அவ்வளவுதான், தாண்டிட்டே! சிங்கம்டா நீ!"

நசுங்கிய பக்கத்தோடு நாற்பத்தொன்று புகையிலிருந்து வெளியே வந்தது. ரோவினா தேம்பித் தேம்பி அழுதாள். ஓடெல்லுக்குமே கண் கலங்கிவிட்டது.

கடைசியில் அந்த வண்டிக்குக் கிடைத்தது பதினொன்றாம் இடம். ரோவினா குதித்த குதியைப் பார்த்தால் கோப்பையே வாங்கினதுபோல் இருந்தது.

"ஆறு மணி தாண்டிடுச்சேம்மா. உன் பஸ்?" என்றார் ஓடெல்.

"போனா போகட்டும். அடுத்த வாரம் ரேஸ் எங்கண்ணே?"

"வர்ஜீனியால."

"அதுக்கடுத்து?"

"கரோலினால."

"ஒண்ணு விடாம வரப்போறேன். யார் தடுத்தாலும் வருவேன். இந்த ஹெட்போன் எந்தக் கடையில கிடைக்கும்?"

மேவிஸுக்குப் பொறுக்கவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதே. அந்தப் பயலுக்கு இருபது வயசு, உன் மகன் மாதிரி. கட்டின புருஷனை விட்டுட்டு அவன் பின்னாடி ஊர் ஊராத் திரிஞ்சா, சனம் காறித் துப்பாது?"

"எந்தப் பயக்கா?" என்று விழித்த ரோவினா, விஷயம் புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடெல் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இதுல நாம பேசினா அந்தப் பக்கம் கேக்குமா?"

"கேக்காதும்மா. நாம கேட்டுக்கலாம், அவ்வளவுதான். பேச முடியாது."

"ரொம்ப நல்லதாப் போச்சு!" என்றவள், கூரைமேல் தொலைநோக்கியை உறையில் போட்டுக்கொண்டிருந்த வழுக்கைத் தலைக்காரரைக் காட்டினாள். "பதினெட்டு வருஷமா வீட்ல நான்தான் வாய் ஓயாம பேசினேன். இனிமே வாராவாரம் என் புருஷன் பேசட்டும், நான் கேக்கறேன்!"