மலைக்குள் இரண்டு மஞ்சள் புள்ளிகள்

எரிமலைப் பாறையில் தங்கம் வெள்ளியோடுதான் இருக்கும். நாங்கள் மலையில் துளையிட்டு எடுத்த கல்லைச் சோதித்தால், அதிலிருந்த தங்கத்தில், நகையில் இருப்பதுபோல் செம்பு கலந்திருந்தது.

"அக்கா, மோதிரத்தோட தொட்டுட்டீங்க போல" என்றான் கல் அறுப்பவன்.

"விரல் வீங்கினதுலேருந்து என் மோதிரம் பீரோவுலதான் தூங்குது. அதுவா எழுந்து வந்து தொட்டுச்சு?"

கிடைத்ததை வைத்து, தோண்டாத மலையில் இன்னும் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று கணிப்பது என் வேலை. மனிதர்கள் தோன்றும் முன்பே ஆறி இறுகிப்போன எரிமலை அது.

சந்தேகம் தீர, அதே துளையின் அடுத்த கல்லை என் கண்ணெதிரே நீளவாக்கில் அறுக்கச் சொன்னேன். அறுத்த முகத்தில் இரண்டு மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. மோதிரத்தைக் குறுக்கே அறுத்தால் அப்படித்தான் இருக்கும்.

மலையின் மறுபுறம் போட்ட துளையின் கல்லையும் அறுத்தோம். அதே இரண்டு புள்ளிகள். இடைவெளி மட்டும் குழந்தையின் விரல் அளவு.

கல் அறுப்பவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டான். மேலாளர் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார்.

"என்னம்மா, ரெண்டு பக்கமும் கிடைச்சிருக்காமே! அப்ப நடுவுலயும் இருக்கும்ல?"

இரண்டு துளைகளுக்கும் நடுவே நான்கு கிலோமீட்டர் மலை இருக்கிறது. எங்கள் தொழிலில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்.

"நிறைய இருக்கும் சார்" என்றேன்.