கரடி கேட்ட வெளிச்சம்

பனி மூடின வடக்குக் கோடியில கண்ணு போன கெழட்டுக் கரடி ஒண்ணு இருந்துச்சு. அது தின்னு மிச்சம் வச்சதத் தின்னே வளந்த நரி ஒண்ணு, எப்பவும் அது பின்னாடியே திரியும்.

ஒரு ராத்திரி நரி கத்துச்சு. "அண்ணே, வானம் பூரா வெளிச்சம் ஆடுது!"

"படைச்சவன் கைவேலைடா அது! அடுத்த குளிருக்கு நான் இருக்கமாட்டேன். எப்படி இருக்குன்னு கடைசியா ஒரு தடவ சொல்லுடா" ன்னுச்சு கரடி.

நரிக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "படைச்சவனா? சூரியன்லேருந்து பறந்து வர்ற துகள் காத்துல மோதி மினுங்குது. இதுல எவன் கை தெரியுதாம்?"

"மோதிட்டுப் போகட்டும். என்ன நெறம்டா?"

"அது அப்புறம். மொதல்ல சொன்னத வாபஸ் வாங்குங்க."

கரடி மாட்டேன்னுச்சு. நரியும் விடல. ரொம்ப நேரம் மல்லுக்கட்டி, கடைசியில கரடிதான் எறங்கி வந்துச்சு. "சரிப்பா, யாரும் படைக்கல. இப்பவாவது சொல்லேன்."

ஜெயிச்ச தெம்புல நரி நிமிந்து பாத்துச்சு. வானம் கறுத்துக் கெடந்துச்சு.

"பச்சைண்ணே..." ன்னு முணங்குச்சு நரி.

"அப்புறம்?" கரடி ஆசையா மூஞ்சியத் தூக்குச்சு.

அப்புறம் என்னன்னு நரிக்குத் தெரியல. வெளிச்சம் ஆடுன நேரம் பூரா அது கரடி வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு.