முதலாளி போட்ட வட்டம்

மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பே எனக்குக் குடலைப் பிரட்ட ஆரம்பித்துவிடும். வயிறு உப்பும், பேதியாகும், சோப்பு வாடைகூடக் குமட்டும். “இது கடுமையான வகைம்மா,” என்று டாக்டர் கொடுத்த மாத்திரை பாதிதான் கேட்டது. நானோ ஓட்டல் சமையல்காரி.

போன வருஷம் கோழிக் கூடைமேலேயே வாந்தி எடுத்து, முழுக் கூடையையும் பாழாக்கினேன். முதலாளி திட்டவே இல்லை. அன்றிலிருந்து காலண்டரில் என் நாட்களை அவரே வட்டம் போட்டுவைப்பார்.

“ஒரு வாரம் வீட்ல படும்மா. சம்பளத்தோட லீவு.”

“கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டான்டி,” என்று பாத்திரம் கழுவும் அக்கா பொருமுவாள். நானும் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

இந்த மாதம், லீவின் முதல் நாள். மறந்துவைத்த மாத்திரையை எடுக்கப் பின்வாசல் வழியாகப் போனேன். பத்தடி தள்ளியே நாற்றம் முகத்தில் அறைந்தது. கொழகொழவென்று பச்சை பூத்த கோழியை முதலாளி வினிகரில் அலசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோழி கொண்டுவரும் வேன்காரர்.

“சமையல்காரி கண்டுபிடிச்சிட மாட்டாளா சார்?”

“அலசி மசாலா தடவிட்டா மத்த நாள்ல கண்டுபிடிக்க மாட்டா. மூக்கு வேலை செய்யற வாரம்தான் அவளை வீட்டுக்கு அனுப்பிடறேனே!”

வழக்கமாக வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஓடுவேன். அன்றைக்கு ஓடவில்லை. நேராகப் போய் அவர் சட்டைமேலேயே வாந்தி எடுத்தேன்.